பழ கிரீன் டீ ஆறு வகை: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சோதனை

வீட்டில் ஆறு பொட்டலம் பழ கிரீன் டீ சேர்ந்துவிட்டது. எலுமிச்சை, ஆரஞ்சு, பீச், மாம்பழம், ஸ்ட்ராபெரி, அப்புறம் மேலே ‘சிவப்புப் பழங்கள்’ என்று மட்டும் போட்டிருந்த ஒன்று. ஆறிலும் எனக்கு ஒரே புகார்தான். பொட்டலத்தைப் பிரித்தால் அறை முழுக்கப் பழ வாசனை, கோப்பையில் ஊற்றிக் குடித்தால் கசப்பு வெந்நீர். நடுவில் அந்தப் பழம் எங்கே தொலைகிறது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். எது நல்லது, எது மோசம் என்று மதிப்பெண் போடுகிற ஆசை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கையில் இருந்த கருவிகள்: 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, சமையல் வெப்பமானி, ஒரே அளவில் ஏழு வெள்ளைக் கோப்பைகள், ஒரு நோட்டு. ஏழாவது கோப்பை எதுவும் சேர்க்காத வெறும் கிரீன் டீக்கு. பழம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் பழம் இல்லாதது எப்படி இருக்கும் என்று முதலில் நாக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கோப்பையில் எது என்று எனக்குத் தெரியக்கூடாது. அதனால் தங்கையைக் கூட்டுச் சேர்த்தேன். அவள் கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, எந்த எண்ணுக்கு எந்த டீ என்பதைத் தன் போனில் எழுதி வைத்துக்கொள்வாள். நான் ருசித்து மதிப்பெண் போடுவேன். “எல்லாத்துக்கும் நீ அஞ்சு மார்க்தான் போடப் போற, பாரு” என்று அப்போதே சொன்னாள்.

முதல் சுற்றை நானே கெடுத்துக்கொண்டேன். தேயிலை ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 1980ல் வந்தது, 2019ல் திருத்தியிருக்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் நீர், 6 நிமிடம். (இதற்கு அடிப்படையான பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999ல் இக் நோபல் பரிசு கொடுத்துக் கிண்டல் செய்தார்கள். ஒரு கோப்பை டீ போட ஆறு பக்கம் எழுதியதற்காக.) உலகமே ஒப்புக்கொண்ட முறை ஆயிற்றே என்று அதையே பிடித்துக்கொண்டேன். ஏழு கோப்பையும் வாயைப் பிடித்து இழுத்தன. பீச்சுக்கும் மாம்பழத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க ‘துவர்ப்பு, துவர்ப்பு, கடும் துவர்ப்பு’ என்றுதான் இருக்கிறது.

தவறு முறையில் இல்லை, அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதில். அந்தத் தரநிலை சுவையான டீ போடச் சொல்லித்தரவில்லை. எல்லா ருசிகாரர்களும் ஒரே மாதிரி வடித்து, இலையில் இருக்கும் குறைகளை வெளியே இழுத்து ஒப்பிடுவதற்கான ஏற்பாடு அது. கொதிநீரில் ஆறு நிமிடம் கிடந்தால் கிரீன் டீயில் துவர்ப்பு தரும் கேட்டகின்கள் என்ற பொருட்கள் கொட்டிவிடும். அவை எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு சுருங்குகிறது. துவர்ப்பு என்பது பாதி தொடு உணர்ச்சி. நாக்கு அப்படிச் சுருங்கிக் கிடக்கும்போது மெல்லிய பழ வாசனையைக் கவனிக்க யாருக்கு மனசு வரும்?

அன்றைக்குச் செய்த இன்னொரு முட்டாள்தனம், ஏழு கோப்பையையும் விழுங்கியது. ராத்திரி இரண்டரை மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். வெறும் வயிறு வேறு, குமட்டல். தொழில்முறை ருசிகாரர்கள் பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பது சும்மா இல்லை. அடுத்த சுற்றிலிருந்து நானும் ஒரு பழைய ஸ்டீல் கிண்ணம் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் சுற்று: 150 மில்லிக்கு 2 கிராம், 75 டிகிரி, 2 நிமிடம். டீ அடியோடு மாறிவிட்டது. கசப்பு இறங்கி, பின்நாக்கில் ஒரு இனிப்பும் சூப்பு போன்ற நிறைவும் வந்தன. இந்த நிறைவைத் தருவதில் பெரிய பங்கு தேயிலையில் உள்ள தியானின் என்ற அமினோ அமிலத்துக்கு. அது குறைந்த சூட்டிலேயே சுலபமாகக் கரைந்துவிடும். கேட்டகினுக்கும் கஃபீனுக்கும் சூடு ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். ஆகவே சூட்டைக் குறைத்தால் நல்லது முன்னால் வருகிறது, கசப்பு பின்தங்குகிறது.

ஆனால் பழம் இன்னும் வாய்க்குள் வரவில்லை. கோப்பைக்கு மேலே மூக்கை நீட்டினால் ஸ்ட்ராபெரி, குடித்தால் வெறும் டீ. ‘சிவப்புப் பழங்கள்’ லேசாக ரோஜா நிறத்தில் நின்றது, புளிப்பே இல்லை.

மூக்கைப் பிடிக்கலாம் என்று தோன்றியது இந்த இடத்தில்தான். மூக்கை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையாக ஒரு வாய். பீச், மாம்பழம், ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு நான்கும் அப்படியே ஒன்று. துளி கசப்பு, துளி துவர்ப்பு, சூடு. அவ்வளவுதான். எலுமிச்சையை மட்டும் புளிப்பை வைத்துச் சரியாகச் சொன்னேன். அந்தப் பொட்டலத்தில் சிட்ரிக் அமிலமும் சேர்த்திருக்கிறார்கள் என்று பின்னால் பார்த்துக்கொண்டேன். அப்புறம் வாயில் டீ இருக்கும்போதே விரலை எடுத்தால், ஒரே நொடியில் உள்ளே மாம்பழம் வந்து உட்கார்ந்துகொள்கிறது! தங்கையையும் செய்து பார்க்கச் சொன்னேன். “அட, சுவிட்ச் போட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (அந்த சூப்பு போன்ற சுவை) ஆகியவைதான். ‘மாம்பழம்’ என்று அடையாளம் சொல்வது மூக்கு. அதுவும் முன்வாசல் வழியாக மட்டும் இல்லை, தொண்டைக்குப் பின்னாலிருந்து மேலேறும் வழியிலும். ருசிகாரர்கள் கரண்டியிலிருந்து ‘ஸ்ர்ர்ர்’ என்று சத்தமாக உறிஞ்சுவதும் இதற்காகத்தான். காற்றோடு சேர்த்து இழுத்தால் திரவம் சிதறி, வாசனை பின்வழியாக மூக்குக்குப் போகிறது. மரியாதையாகக் குடித்துப் பார்த்தேன், உறிஞ்சியும் பார்த்தேன். உறிஞ்சியபோது பழம் இரண்டு மடங்கு தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் நான் டீ குடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

சரி, பழம் வாசனையில்தான் இருக்கிறது என்றால் அந்த வாசனை பொட்டலத்துக்குள் எதில் ஒட்டியிருக்கிறது? பீச் பொட்டலத்திலிருந்து 10 கிராம் எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டினேன். புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான். தேயிலை 6.4 கிராம், பழத்துண்டு 2.7, மஞ்சள் பூவிதழ் 0.3, ரோஸ்ஹிப் (ரோஜாச் செடியின் காய்) ஓடு 0.4, மிச்சம் தூள். அந்த 2.7 கிராமில் பீச் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆப்பிள். பெட்டியின் மேல் அரை பீச் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கிறது.

பொய் என்று சொல்லவும் முடியாது, உட்பொருள் பட்டியலில் ஆப்பிள் என்றுதான் நேர்மையாகப் போட்டிருந்தார்கள். பட்டியலில் எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது உணவு லேபிள்களுக்கான பொது விதி. நான்தான் படத்தைப் பார்த்தேன், பட்டியலைப் பார்க்கவில்லை. ஆப்பிள் ஏன் என்பதும் ருசித்தால் புரியும். நன்றாகக் காய்ந்து கட்டியாக நிற்கிறது, தனக்கென்று பெரிய வாசனை இல்லை, மேலே தெளிக்கும் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பீச் என்று நம் மூக்கு நினைப்பதில் பெரிய பங்கு காமா டெகாலாக்டோன் போன்ற லாக்டோன்கள் என்ற மணப்பொருட்களுக்கு. அதைத் தெளித்துவிட்டால் ஆப்பிளும் பீச் ஆகிவிடும். பூவிதழ் முழுக்க முழுக்க அலங்காரம். தனியாக ஊறவைத்துக் குடித்தேன், வைக்கோல் தண்ணீர்.

தெளித்த வாசனை மேற்பரப்பில் இருக்கிறது என்றால் முதல் தண்ணீரோடு போய்விட வேண்டுமே. அதே இலைகளுக்கு மறுபடி 75 டிகிரித் தண்ணீர் ஊற்றினேன். போய்விட்டது. ஆறில் ஐந்தில் பழம் சுத்தமாக இல்லை, ஆரஞ்சில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதில் நிஜத் தோல் துண்டுகள் இருந்தன. இதில் எதிர்பாராமல் ஒரு லாபம். வாசனை கழன்று போனதும் அடியில் என்ன தேயிலை போட்டிருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. பொட்டலத்திலேயே மயக்கும் வாசனை கொண்ட ஸ்ட்ராபெரி, இரண்டாவது தண்ணீரில் நனைந்த அட்டை மாதிரி. மாம்பழத்தில் நீள நீளமான, கடும்பச்சை இலை. இரண்டாவது தண்ணீரிலும் புல் வாசனையோடு கெட்டியாக நின்றது. ஜப்பானிய முறையில் ஆவியில் வேகவைத்த இலையாக இருக்க வேண்டும். சீன முறையில் சட்டியில் வறுத்தால் இந்தப் புல் வாசனை அடங்கி, கொட்டைப் பருப்பு போன்ற மணம் வரும். பீச்சின் அடித்தேயிலை அந்த ரகம். இப்போதெல்லாம் புதிதாக ஒரு பழ டீ கிடைத்தால் முதல் தண்ணீரில் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

எலுமிச்சை மட்டும் தண்ணீரில் முக்குகிற சின்ன டீப் பையில் வந்தது. வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய தூள். தூளுக்கு 75 டிகிரியில் 2 நிமிடமே அதிகம், 1 நிமிடம் போதும். அதோடு அதை முடித்துக்கொண்டேன். பொட்டலமும் பழசு, எலுமிச்சை கொஞ்சம் பெயிண்ட் தின்னர் போல மணத்தது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் பெரும்பகுதி லிமோனீன் என்ற மணப்பொருள். காற்று பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இப்படித்தான் திரும்பிவிடும்.

மூன்றாம் சுற்றுக்கு முன்னால் ஒரு விபத்து. பிரித்த பொட்டலங்கள் எல்லாவற்றையும், வெறும் கிரீன் டீயையும் சேர்த்து, ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியிருந்தேன். மூன்று நாள் கழித்து எடுத்தால் வெறும் டீயில் ஸ்ட்ராபெரி. நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம், ஆனால் ஒப்பிட வைத்திருந்த ஒரே சுத்தமான டீ போய்விட்டது. காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகை டீ செய்வதே இப்படித்தான். மாலையில் பறித்த மொட்டுகளை இரவு மலரும் நேரத்தில் இலையோடு கலந்து வைத்து, காலையில் பூவை நீக்கி, திரும்பத் திரும்பப் புதுப் பூ வைப்பார்கள். அவர்கள் தெரிந்து செய்வதை நான் தெரியாமல் செய்திருக்கிறேன். வேறு வெறும் டீ வாங்கி, எல்லாவற்றையும் தனித்தனிக் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றினேன். சிலிக்கோன் வடிகட்டியிலும் ஆரஞ்சு எண்ணெய் ஏறி, எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. அதைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்டீல் வடிகட்டிக்கு வந்தேன்.

இந்தச் சுற்றில் தங்கை ஒரு வேலை செய்தாள். எனக்குச் சொல்லாமல் ஏழு கோப்பையில் இரண்டில் ஒரே பீச் டீயை ஊற்றிவிட்டாள். எலுமிச்சை அன்றைக்கு வரிசையிலேயே இல்லை. நான் ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 5 போட்டிருந்தேன்.

“அண்ணா, ரெண்டும் ஒண்ணுதான்.”

முகத்தில் ஈயாடவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. 8 வாங்கிய பீச் வெறும் டீக்கு அடுத்து வந்தது. 5 வாங்கியது, பின்னால் சொல்லப்போகும் முறையில் புளிப்பாக வடித்த ‘சிவப்புப் பழங்க’ளுக்கு அடுத்து. புளிப்பில் ஊறிய நாக்குக்கு அடுத்து வருவது எதுவும் தட்டையாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு வரிசையை மாற்றி மாற்றி இரண்டு தடவை ருசித்து, சராசரிதான் எடுக்கிறேன். நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்புளித்து, இரண்டு நிமிட இடைவெளி. தனியாகச் செய்கிறவர்கள்கூட யாரையாவது பிடித்து இப்படி ஓர் இரட்டைக் கோப்பை வைக்கச் சொல்ல வேண்டும். நம் மதிப்பெண்ணின் யோக்கியதை தெரிந்துவிடும்.

மிச்சம் இருந்தது ‘சிவப்புப் பழங்கள்’. இதுதான் உண்மையில் ரிப்பேர் வேலை. இந்தக் கலவையில் ஆப்பிளோடு நிறைய செம்பருத்தி. செம்பருத்தி என்று பெயரே தவிர, வீட்டு வாசலில் பூக்கிற பூ இல்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த ரோசெல் செடியில், பூ உதிர்ந்த பின் தடித்துச் சிவக்கிற புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருக்கும் உறை. புளிப்பும் சிவப்பும் அதிலிருந்துதான். (அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற தாவர நிறமி. வடித்த டீயில் சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலம் கலந்த அழுக்குப் பச்சையாக மாறும். குடிக்க வேண்டாம், வேடிக்கை பார்க்கலாம்.) இந்தப் புல்லிவட்டமும் ஆப்பிளும் முழுசாக இறங்கக் கொதிநீரும் ஐந்து நிமிடமும் வேண்டும். கிரீன் டீக்கு 75 டிகிரியும் இரண்டு நிமிடமும். ஒரே பொட்டலத்துக்குள் இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறார்கள். கொதிநீர் ஊற்றினால் துவர்ப்பு, அதோடு புளிப்பும் சேர்ந்தால் துவர்ப்பு இன்னும் ஏறித் தெரியும். ஆறவைத்து ஊற்றினால் ரோஜா நிறத்தில் சப்பென்ற தண்ணீர்.

அதனால் இருவரையும் பிரித்தேன். இடுக்கி தேவைப்படவில்லை, கொஞ்சம் பெரிய கண் சல்லடையில் சலித்தாலே தேயிலை கீழே இறங்கி, பழமும் புல்லிவட்டமும் மேலே நின்றுவிட்டன. முதலில் பழத்தை 60 மில்லி கொதிநீரில் மூடி வைத்து, 5 நிமிடம் கழித்து 90 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் தேயிலையைப் போட்டேன். வெப்பமானி 50 டிகிரிகூடக் காட்டவில்லை. இலை சோம்பேறியாக மிதந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டு 120 மில்லி கொதிநீர், மூடி வைத்து 5 நிமிடம், அப்போது 85 டிகிரி இருந்தது. 30 மில்லி சாதாரணத் தண்ணீர், 74 டிகிரிக்கு இறங்கியது. இப்போது தேயிலை, 2 நிமிடம், வடிகட்டு. கருஞ்சிவப்பு, நல்ல புளிப்பு, அடியில் டீ தனியாகத் தெரிகிறது. முதல் சுற்றில் 3 வாங்கிய கலவை, இந்தச் சுற்றில் 7. கோப்பையின் கனத்தையும் அறையின் சூட்டையும் பொறுத்து அந்த 30 மில்லி கொஞ்சம் கூடலாம், குறையலாம். வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள்.

பீச்சுக்கும் இதே வைத்தியம் செய்து பார்த்தேன், பயனில்லை. அதில் ஆப்பிளைக் கொதிக்க வைத்து என்ன கிடைக்கும்? ஆப்பிள்தான்.

ஸ்ட்ராபெரிக்கு வேறு வழி பிடித்தேன். தேயிலை மோசம், வாசனை பிரமாதம். அப்படியென்றால் தேயிலையிலிருந்து முடிந்த அளவு குறைவாக எடுக்க வேண்டும். 500 மில்லி குளிர்ந்த நீரில் 5 கிராம், ஃபிரிட்ஜில் 7 மணி நேரம். கசப்பு ஏறக்குறைய இல்லை. ஜில்லென்று இருக்கும்போது வாசனை கம்மிதான், குளிரில் மணப்பொருட்கள் ஆவியாவது குறைவு. பத்து நிமிடம் வெளியே வைத்துக் குடித்தால் எழும்புகிறது. சர்க்கரை சேர்க்காமலே இனிப்பதுபோல ஒரு பிரமையும் வந்தது. பழுத்த பழ வாசனையை இனிப்போடு சேர்த்துப் பழகிய மூளையின் வேலை.

கடைசியாக, நானே ஒரு ஆரஞ்சு கிரீன் டீ கலந்து பார்த்தேன். முதல் தடவை காயவைக்காத தோலை அப்படியே வெறும் டீயோடு சீசாவில் மூடி வைத்தேன். ஒரு ராத்திரியில் மணம் அபாரமாக ஏறியது, இலையும் ஈரத்தில் துவண்டுவிட்டது. பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். இரண்டாவது தடவை தோலின் உள்பக்க வெள்ளையைக் கத்தியால் சுரண்டி எடுத்து (கசப்பு அங்கேதான்), மெல்லிய நாராக நறுக்கி, ஒடித்தால் டக்கென்று முறியும் வரை காயவைத்தேன். 12 கிராம் தேயிலைக்கு 1.5 கிராம் தோல். நான்கு நாள் மூடி வைத்த பிறகு வடித்தேன். வாங்கிய ஆரஞ்சின் பாதி வாசனைகூட இல்லை. ஆனால் இரண்டாவது தண்ணீரிலும் அதே அளவு இருந்தது, மூன்றாவதிலும் கொஞ்சம்.

தங்கை எண் ஒட்டிக் கொடுத்த கடைசிச் சுற்றில் அதற்கு 6 போட்டேன், என்னுடையது என்று தெரியாமலேயே. வாங்கிய ஆரஞ்சு 7. அடுத்த சீசாவில் தோலை 2.5 கிராமாக ஏற்றி வைத்திருக்கிறேன், மூடியின் மேல் தேதி எழுதி, ஸ்ட்ராபெரி இருக்கும் அலமாரிக்கு எதிர்ப்பக்கத்தில்.